நிற்பதற்கு ஒரு சாக்கு

கலாராணி போட்டோ எடுக்கத் தொடங்கியது ஆசையினால் அல்ல. புருசன் எடுக்கச் சொன்னான், எடுத்தாள்.

நிமலன் கொழும்பில், புறக்கோட்டை ஸஹாப்தீன் முதலாளியின் பாத்திரக் கடையில் சாமான் கட்டிப் போடுகிறவன். தீபாவளிக்கும் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கும் வருவான். மற்றபடி குடும்பம் நடத்துவதெல்லாம் போனில்தான். கலாராணி தெமோதரைக்கு மேலே உள்ள தோட்டத்தில், வரிசை வீடுகள் கொண்ட லயத்தின் கடைக்கோடி வீட்டில் மாமியார் கருப்பம்மாவோடு இருந்தாள். தொங்கல் காம்பரா என்பார்கள் அந்தக் கடைசி வீட்டை. ஒரே மகள் நிஷாந்தினி கட்டுநாயக்கப் பக்கம் கார்மெண்டுக்குப் போய் அங்கேயே போர்டிங்கில் தங்கிவிட்டாள்.

ஒரு தீபாவளிக்கு வந்தபோது நிமலன் பெரிய போன் ஒன்று கொண்டுவந்து கலாராணியின் கையில் கொடுத்தான். லயமே கூடிவிட்டது. ஆளாளுக்கு வாங்கித் தடவிப் பார்த்தார்கள்.

"கொடுத்து வச்சவடி நீ" என்றார்கள்.

கருப்பம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "எங்க வீட்டு மனுசன் கட்டையில போற வரைக்கும் எனக்கு ஒரு ரேடியோ வாங்கித் தரல. இவளப் பாரு, கைக்குள்ளேயே சினிமாக் கொட்டகை வந்திருச்சு."

போன் எதற்கு என்பது அவன் திரும்பிப் போன பிறகுதான் தெரிந்தது.

கலாராணிக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். தொட்டில் ஆட்டுவது, பால் கரைத்துக் கொடுப்பது, துணி மாற்றுவது எல்லாம் அவள்தான். "வேலைக்குப் போனதும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு" என்றான் நிமலன்.

"எதுக்குங்க?"

"ஊரப் பாக்கணும்போல இருக்கு."

அவள் நம்பினாள். தொட்டிலில் தூங்குகிற குழந்தை ஒன்றைப் படம் பிடித்து அனுப்பினாள். உடனே போன் அடித்தது.

"பிள்ளைங்க வேணாம். எடம் தெரியுற மாதிரி எடு."

அடுத்த நாள் முன்வராந்தாவான இஸ்தோப்பில் நின்று, சுவர், கதவு, எதிரே தெரிகிற ஏழாம் நம்பர் மலை எல்லாம் விழுகிற மாதிரி எடுத்தாள். "ஆ, இது சரி" என்றான். வேலை முடிந்து பூட்டும்போது ஒன்று. வீட்டுக்கு வந்ததும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பதுளைக்குச் சாமான் வாங்கப் போனால் கோயிலடியில் ஒன்று, பஸ் நிற்கிற இடத்தில் ஒன்று, பஜாரில் ஒன்று, திரும்பும்போது ஒன்று. கீழ் டிவிசனில் ஒருத்தி வேன் ஓட்டுகிறவனோடு போய்விட்ட கதை புறக்கோட்டை வரைக்கும் போயிருந்தது என்றும், கடைப் பையன்கள் நிமலனைக் கேலி செய்தார்கள் என்றும் நிஷாந்தினி பிறகு ஒரு நாள் சொன்னாள். "அப்பாவுக்குக் கிறுக்கும்மா. நீங்க கண்டுக்காதீங்க" என்றாள். கண்டுகொள்ளாமல் எப்படி இருப்பது? படம் போகப் பத்து நிமிசம் பிந்தினால் கருப்பம்மாவின் போன் அடிக்கும்.

கலாராணி ஹாலி-எலப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள், வீட்டுக்கு மூத்தவள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அம்மா மலைக்குப் போக வேண்டும், தம்பி தங்கைகளை யார் பார்ப்பது? அன்றைக்கு இடுப்பில் ஏறிய பிள்ளை இன்று வரைக்கும் இறங்கவில்லை, ஆள்தான் மாறிக்கொண்டிருக்கிறது. கூச்ச சுபாவம். நாலு பேர் நடுவில் வாய் திறக்க மாட்டாள். ஆனால் கண் மட்டும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

தோட்டத்தில் ஒரு பெண் சும்மா நிற்க முடியாது. மலையில் நின்றால் கங்காணி கேட்பார். பாதையில் நின்றால் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள்: என்ன நிக்கிற, யாரப் பாக்குற, மேலுக்கு முடியலையா? வாசலில் நின்றால் மாமியார் கேட்பாள். கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு வேலை கையில் இருக்க வேண்டும். தண்ணீர்க் குடமாவது, விறகுக் கட்டாவது.

போன் வந்து கொஞ்ச நாளைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலடியில் நின்று படம் எடுத்தாள். பனி மூடியிருந்தது. படத்தில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.

"என்ன இது, வேட்டியப் புடிச்சு அனுப்பியிருக்கியா?" என்று நிமலன் சத்தம் போட்டான். "கோயில் தெரியணும். திரும்ப எடு."

பனி விலகட்டும் என்று நின்றாள். அந்த வழியாக அழகையாக் கங்காணி வந்தார். "என்ன பிள்ள, பஸ்ஸுக்குப் போகாம நிக்கிற?"

"அவர் போட்டோ கேட்டாருங்க. பனி போகட்டும்னு நிக்கிறேன்."

"அப்படியா, புருசன் கேட்டா எடுக்கத்தானே வேணும்" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

கலாராணிக்கு ஆச்சரியமாக இருந்தது. அவ்வளவுதானா? அவர் போட்டோ கேட்டார் என்றால் போதுமா? அவள் மேலும் கொஞ்ச நேரம் நின்றாள். பனி ஒரேயடியாக விலகுவதில்லை என்பதை அன்றுதான் பார்த்தாள். முதலில் கீழே தண்ணீர்க் கான் ஓரத்துப் புல் தெரிந்தது, பிறகு கோயில் படி, பிறகு ஒரு சவுக்கு மரத்தின் பாதி. மரத்தின் மேல்பாதி அந்தரத்தில் தனியாக நின்றது. இத்தனை வருசம் இந்த வழியாகவே நடந்திருக்கிறாள். ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு புருசன் கேட்ட படங்களோடு கேட்காத படங்களும் எடுக்கத் தொடங்கினாள். அவனுக்கு அனுப்புவது இடம் தெரிகிற படம். தனக்கு வைத்துக்கொள்வது வேறு. தேயிலைச் செடியின் மேலே சிலந்தி கட்டிய வலை, அதில் தண்ணீர் கோத்திருப்பது. ஊற்றுக் குழாயான பீலியிலிருந்து விழுகிற தண்ணீர் கல்லில் பட்டுத் தெறிப்பது. சாயங்காலம் ரோட்டில் நீளமாக விழுகிற தன்னுடைய நிழல். நமுனுகுல மலையின் முகட்டில் மேகம் உட்கார்ந்து எழும்புவது. யாராவது கேட்டால் பதில் தயாராக இருந்தது. அவர் போட்டோ கேட்டார்.

"அந்தப் பையனுக்கு இவ மேல உசுரு" என்று லயத்துப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். "ஒரு நாளைக்கு எத்தன தடவ பாக்கணும் அவனுக்கு!"

ஞாயிற்றுக்கிழமைதான் அவளுடைய நாள். பதுளையில் சாமான் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது தெமோதரை வரைக்கும் வராமல் முந்திய தரிப்பிடத்தில் இறங்கிவிடுவாள். அங்கிருந்து தேயிலைக்குள்ளே ஒரு குறுக்குப் பாதை ஏறுகிறது. பை கனக்கும். ஆனாலும் மெல்ல நடப்பாள். பஸ் பிந்திவிட்டது என்று நிமலனிடம் சொன்னால் அவன் நம்புவான். அந்த ரோட்டில் பஸ் பிந்தாத நாள் ஏது?

நடையில் அவளுக்குக் கிடைத்தது என்னவென்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. வீட்டில் ஒரு நினைப்பு வந்தால் பாதியில் யாராவது கூப்பிடுவார்கள். பிள்ளைக் காம்பராவில் பாதியில் ஒரு குழந்தை அழும். அந்தப் பாதையில் மட்டும் ஒரு நினைப்பு தொடங்கின இடத்திலிருந்து முடிகிற இடம் வரைக்கும் போயிற்று. ஒரு ஞாயிறு, பாதை வளைகிற இடத்தில் பெரிய கருங்கல் ஒன்றின் மேல் பையை வைத்துவிட்டு நிற்கும்போது, நிமலன் இல்லாதது எனக்கு ஒரு குறையாக இல்லை என்று நினைத்தாள். நினைத்தவுடன் பயந்து போனாள். பையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்து வீட்டுக்கு வந்து, கருப்பம்மா கேட்காமலே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அடுத்த ஞாயிறு அதே கல்லடிக்கு வந்தபோது அந்த நினைப்பு அங்கேயே அவளுக்காகக் காத்திருந்த மாதிரி இருந்தது. இந்தத் தடவை ஓடவில்லை. கல்லில் படர்ந்திருந்த பாசிக்குப் பக்கத்தில் போனை வைத்துப் படம் எடுத்தாள். எடுத்துக்கொண்டே அதை முழுவதும் நினைத்து முடித்தாள்.

அந்தக் கல்லடியிலிருந்து பார்த்தால் கீழே ரயில் பாதை தெரியும். பதுளைக்குப் போகிற ரயில் தெமோதரை ஸ்டேஷனை விட்டு வெளிக்கிட்டு மலையைச் சுற்றிக்கொண்டு இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கிற சுரங்கத்துக்குள் நுழைந்து போகும். பிறந்ததிலிருந்து அந்த ரயிலின் சத்தத்தைக் கேட்கிறாள். ஒரு தடவைதான் ஏறியிருக்கிறாள், கொழும்புக்கு, ராத்திரி ரயிலில், கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு. பதுளைக்கு யாராவது ரயிலில் போவார்களா? பஸ் சீக்கிரம் போய்விடுமே. ஆனால் வெள்ளைக்காரர்கள் ரயில் வாசலில் தொங்கிக்கொண்டு இவளையும் இந்தத் தேயிலையையும் படம் பிடித்துக்கொண்டு போவதை அடிக்கடி பார்த்திருக்கிறாள். அங்கே உட்கார்ந்து பார்த்தால் இந்தப் பாதை எப்படித் தெரியும், தான் நிற்கிற கல் தெரியுமா என்று ஒரு ஆசை வந்தது. சின்ன ஆசைதான். ஒரு ஞாயிறு பஸ்ஸுக்குப் பதிலாக ரயில், அவ்வளவுதான். நிமலன் கேட்கிற பஸ் தரிப்பிடப் படத்தை என்ன செய்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் ஞாயிறே போய்விட்டது.

நிமலனின் தம்பி புவனேந்திரன் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடி உயர்ந்து கட்டையாகிப் போனால் முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுவார்கள், அதுதான் கவ்வாத்து. அவன் பழைய த்ரீவீலர் ஒன்று எடுத்திருந்தான். அது வந்து சேர்ந்த அன்று மாலை நிமலன் போனில் நல்ல விதமாகத்தான் பேசினான்.

"கலா, இனிமே தம்பி ஞாயித்துக்கிழமை டவுனுக்குப் போறப்ப சாமானெல்லாம் வாங்கிட்டு வந்துருவான். நீ ஏன் பையத் தூக்கிக்கிட்டு அலையணும்?"

"எனக்குக் கஷ்டமில்லீங்க."

"எனக்குக் கஷ்டமா இருக்கு."

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? "சரிங்க" என்றாள்.

"நல்லதாப் போச்சு" என்றாள் கருப்பம்மா, அடுப்படியிலிருந்தே. "வாராவாரம் திருவிழாவுக்குப் போற மாதிரி சீவி முடிச்சுக்கிட்டுக் கிளம்புறது. ஒரு கிலோ வெங்காயத்துக்கு என்னா அலங்காரம்!"

முதல் ஞாயிறு வீட்டில் இருந்தாள். துணி துவைத்தாள், சாணம் கொண்டுவந்து வாசல் மெழுகினாள், மாமியாருக்குத் தலை பார்த்தாள். இரண்டாம் ஞாயிறும் அப்படியே. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே வெளிச்சம் மங்கின மாதிரி இருந்தது. காம்பராவுக்குள் புகை போக வழியில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. புவனேந்திரன் சாமான்களைக் கொண்டுவந்து இறக்கினான். "அண்ணி, கத்தரிக்கா நல்லா இருக்கா பாருங்க" என்றான். எல்லாம் சூத்தைக் கத்தரிக்காய். நல்லா இருக்கு என்றாள்.

மூன்றாம் ஞாயிற்றுக்கு முதல் நாள் அவள் பொய் சொன்னாள். கலியாணம் ஆனதிலிருந்து நிமலனிடம் பஸ் பிந்திவிட்டது என்பதைத் தவிர வேறு பொய் சொன்னதில்லை.

"திங்கக்கிழமை ஆபீஸ்ல இருந்து பிள்ளைக் காம்பராவைப் பாக்க வர்றாங்களாம். நாளைக்குப் போய்க் கழுவி வைக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"மத்தியானம் ஆகும்."

"போனதும் போட்டோ அனுப்பு."

அனுப்புவதற்குப் படம் அவளிடம் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தாள். பிள்ளைக் காம்பராவின் இஸ்தோப்பிலிருந்து எடுத்த படங்கள் எத்தனையோ. அதில் ஒன்று அவளுக்கு ரொம்பப் பிடித்தது. காலை வெயில் சாய்வாக விழுந்து, கதவின் பச்சைப் பெயிண்டும், தூணின் நிழலும், எதிரே ஏழாம் நம்பர் மலை முழுக்கக் கொழுந்து தளதளவென்று நிற்பதுமாக ஒரு படம். அதைத்தான் எடுத்து வைத்தாள்.

காலையில் வாளியும் விளக்குமாறும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பிள்ளைக் காம்பராவின் பின்பக்கம் இரண்டையும் வைத்துவிட்டுக் குறுக்குப் பாதையால் ஸ்டேஷனுக்கு இறங்கினாள். யாரும் பார்க்கவில்லை. ரயில் பிந்தியிருந்தது. பிளாட்பாரத்து வாங்குப் பலகையில் ஒரு முஸ்லிம் பெண், கால்மாட்டில் பழப் பெட்டிகளை வைத்துக்கொண்டு இருந்தாள். பெயர் காமிலா என்று தானாகவே சொன்னாள்.

"நீங்க எங்க போறீங்க?"

"பதுளைக்கு."

"பதுளைக்கு ரயில்லயா? பஸ்ல போனா போய்ச் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போடலாமே. எனக்குப் பெட்டி இருக்கிறதால பஸ்காரன் ஏத்த மாட்டான். உங்களுக்கு என்ன?"

கலாராணி சிரித்தாள். "பாக்கலாம்னு."

"பாக்கவா? சரிதான். பாருங்க, காசா பணமா" என்று காமிலா தன் பெட்டியொன்றைத் தள்ளி இடம் விட்டாள்.

அந்த வாங்கிலிருந்துதான் கலாராணி படத்தை அனுப்பினாள். படத்தின் கீழே நீலக் குறி விழுந்தது, அவன் பார்த்துவிட்டான். பதில் வரவில்லை. போனைப் பைக்குள் போட்டாள்.

ரயில் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மலையைச் சுற்றி இறங்கும்போது மேலே பார்த்தாள். அவளுடைய பாதை ஒரு கோடு மாதிரித் தெரிந்தது. கல்லைத் தேடினாள். அதோ, தேயிலை நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. அங்கே யாரும் நிற்கவில்லை. அங்கே நிற்கிறவள் இங்கே இருக்கிறாள் என்று நினைத்தபோது அவளுக்கு என்னவோ செய்தது. போனை எடுக்கவே தோன்றவில்லை.

"இப்பப் பாருங்க, நாம ஏறின ஸ்டேஷனுக்குக் கீழேயே வந்திட்டோம்" என்றாள் காமிலா. "இவ்வளவு தூரம் சுத்தி வந்து, பாத்தா அங்கேயேதான்."

சுரங்கத்துக்குள் இருட்டில் கலாராணி சத்தமாகச் சிரித்தாள். தன் சிரிப்பு அவ்வளவு சத்தமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

பிறகு வெளிச்சம். கீழே ஆறு, வயல், யூக்கலிப்டஸ் மரங்கள், ரயில் பாதையோரத்தில் பல் விளக்குகிற ஒருவர், வேலியில் காய்கிற துணி. பார்த்துக்கொண்டே வந்தாள். ஹாலி-எலவில் ரயில் நின்றபோது போன் அதிரத் தொடங்கியது. நிமலன். ரயிலடிச் சத்தம் அவனுக்குக் கேட்டுவிடுமே, எப்படி எடுப்பது? நின்றுவிட்டு மறுபடியும் அடித்தது. மறுபடியும். பிறகு ஒரு குரல் பதிவு வந்தது. காதோடு அழுத்தி வைத்துக் கேட்டாள்.

"ஏழாம் நம்பர் மல எப்படிடி பச்சையா இருக்கு?"

அவ்வளவுதான் அவன் பேசியிருந்தது.

ஏழாம் நம்பர் மலையில் போன மாதம் பூராவும் கவ்வாத்து. மலை முழுக்க மொட்டையாகி, சாம்பல் நிறத்தில் கட்டை கட்டையாக நிற்கிறது. வெட்டிப் போட்ட குச்சியை மிலாறு என்பார்கள், நல்ல விறகு. கட்டுக் கட்டாக அதைத் தலையில் சுமந்து வந்தவள் அவள்தான். இன்று காலையில் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டியதும் அந்த மிலாறில்தான். ஒரு மாதமாக மொட்டை மலையைத்தான் தினமும் அவனுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாள். ஆனால் படம் தேடும்போது அவள் மலையைப் பார்க்கவில்லை. வெயிலைப் பார்த்தாள், நிழலைப் பார்த்தாள், நன்றாக வந்திருக்கிறதா என்று பார்த்தாள்.

அவன் இடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனை மூடிவிடுவான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"யாருக்கும் ஏதுமா?" என்று காமிலா கேட்டாள். முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். "மவுத்துச் செய்தியா?"

"இல்லீங்க" என்றாள் கலாராணி.

பதுளையில் இறங்கி, ஸ்டேஷனுக்கு வெளியே கூடப் பார்க்காமல், அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். லயத்து வாசலில் கருப்பம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"வா மகாராணி. கழுவியாச்சா? எந்தப் பிள்ளைக் காம்பராவ, பதுளையில புதுசா ஒண்ணு கட்டியிருக்காங்களா? நீ ரயில விட்டு இறங்கி வர்றத புவனேந்திரன் பாத்துட்டுப் போன் பண்ணிட்டான்."

பக்கத்து வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கலாராணி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

நிமலன் புதன்கிழமை காலையில் வந்து இறங்கினான். அடிக்கவில்லை. கத்தவும் இல்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "போனக் குடு" என்றான். ஸ்டூலை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு படங்களைப் பார்க்கத் தொடங்கினான். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கருப்பம்மா வெற்றிலையை மென்றுகொண்டு மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு படமாக, விரலால் பெரிதாக்கி, மூலை மூலையாகத் தேடினான்.

"யாரு இவன்?"

அவள் எட்டிப் பார்த்தாள். தூரத்தில் குடையோடு ஒரு உருவம். "அழகையாக் கங்காணி."

"இந்த நெழல் யாரோடது?"

"என்னோடது."

"இது?"

"அதுவும் என்னோடதுதாங்க."

"இங்க கல்லு மேல என்னமோ இருக்கே. யாரோட பை?"

"நம்ம சாமான் பைதான். வெங்காயம் தெரியுது பாருங்க."

கருப்பம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெற்றிலைச் சாற்றைத் துப்புகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெயில் ஏறியது. அவன் விடவில்லை. சிலந்தி வலை, பாசி, மேகம், பீலித் தண்ணீர், மேகம், மறுபடியும் மேகம். நெற்றி வியர்த்தது. அவன் எதைத் தேடுகிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது. அது இருந்திருந்தால் அவனுக்கு நல்லதாக இருந்திருக்கும் என்றும் தோன்றியது. ஒரு ஆள் இருந்தால் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். கடைசிப் படமும் முடிந்தது. போனை மடியில் வைத்தான்.

"ஒருத்தனும் இல்ல" என்றான்.

அவள் கதவு நிலையிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்ப எதுக்கு ரயில்ல போன?"

"பாக்க."

"என்னத்தப் பாக்க?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். கல்லைப் பார்க்க என்று சொன்னால் கோபப்படுவான். "மலைய" என்றாள்.

"மலையவா?" அவன் குரல் உயர்ந்தது. "நான் அங்க வெளிச்சமே இல்லாத ஸ்டோர்ல அண்டாவும் சட்டியும் கட்டிக்கிட்டுக் கெடக்கேன். தெனம் கடை பூட்டின பெறகு நீ அனுப்புறத ஒண்ணு விடாம முதல்ல இருந்து பாப்பேன். அந்த ஏழாம் நம்பர்ல நான் சின்ன வயசுல மிலாறு பொறுக்கியிருக்கேன்டி. எனக்கே பொய் மலையக் காட்டுறியா? மலையப் பாக்கணும்னா வாசல்ல நின்னு பாக்க வேண்டியதுதானே. அதுக்கு எதுக்கு ரயிலு?"

அன்று மாலையே திரும்பிவிட்டான். பெரிய போன் அவனோடு போயிற்று. தன்னுடைய பழைய பட்டன் போனை அவளிடம் கொடுத்தான். அதில் பேசலாம், அவ்வளவுதான். வேலைக்குப் போ, வா, வேறு எங்கேயும் போகாதே என்றான். கேட்டவர்களுக்கெல்லாம் கருப்பம்மா, "அவனோடது ஒடஞ்சிருச்சு, அதான் இவளோடத எடுத்துக்கிட்டுப் போயிட்டான்" என்று சொன்னாள். மானம் அவளுக்கும் உண்டு.

போன் போன பிறகுதான் கலாராணிக்கு இன்னொன்று புரிந்தது. படங்கள் போனதை அவள் தாங்கிக்கொண்டாள். அவை கண்ணிலேயே இருந்தன. ஆனால் நிற்பதற்கு இருந்த சாக்கும் அதோடு போய்விட்டது. வேலை முடிந்து வரும்போது கோயிலடியில் கால் தானாக நின்றது. பின்னால் வந்த பெண்கள், "என்ன கலா, இப்பப் போட்டோ புடிக்கிறதில்லையா?" என்று கேட்டார்கள்.

"போன அவர் கொண்டு போயிட்டாரு."

"அப்ப என்னத்துக்கு நிக்கிற? வா வா, மழ வரப்போகுது."

அவர்களோடு சேர்ந்து நடந்தாள். அடுத்த நாளும் அப்படித்தான். கொஞ்ச நாளில் கால் நிற்பதை விட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நிமலன் இரண்டு தடவை எடுப்பான். "எங்க இருக்க?" "வீட்டுல." "அம்மாகிட்டக் குடு." கருப்பம்மா வாங்கி, "இங்கதான் இருக்கா, எங்க போகப் போறா?" என்பாள். புவனேந்திரன் சாமான் இறக்கிவிட்டுப் போவான். மழைக்காலம் வந்தது. சுவரில் ஈரம் ஏறிப் பூத்தது. பாயில் படுத்துக்கொண்டு அதைப் பார்ப்பாள். அதையும் எத்தனை நேரம் பார்ப்பது?

மழை விட்டிருந்த ஒரு ஞாயிறு காலையில் தண்ணீருக்குப் பீலியடிக்குப் போனாள். லயத்திலிருந்து கூப்பிடு தூரம். வாளி நிறைந்தது. எடுத்துக் கரையில் வைத்தாள். நிமிர்ந்தபோது எதிரே ஏழாம் நம்பர் மலை தெரிந்தது. பக்கவாட்டாக, பிள்ளைக் காம்பராவிலிருந்து தெரிகிற மாதிரி இல்லாமல். மொட்டைக் கட்டைகளில் தளிர் விட்டிருந்தது. தூரத்திலிருந்து பார்க்க அது பச்சையாகக்கூட இல்லை, ஒரு மாதிரிச் சிவப்பு. வாளியைத் தூக்காமல் நின்றாள்.

அடுத்த காம்பராக்காரி குடத்தோடு வந்தாள். "வாளிதான் நெறஞ்சிருச்சே, என்ன நிக்கிற?"

கலாராணி வாயைத் திறந்தாள். காரணம் காட்டப் போனும் இல்லை.

"சும்மா" என்றாள்.

"சும்மாவா?"

"ஆமா. சும்மாதான் நிக்கிறேன். மலையப் பாத்துக்கிட்டு."

அந்தப் பெண் மலையைப் பார்த்தாள், கலாராணியைப் பார்த்தாள். குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு, இரண்டு தடவை திரும்பிப் பார்த்தபடி போனாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் லயம் பூராவும் தெரிந்துவிடும். கலாராணிக்குக் கன்னம் சூடேறியது. ஆனால் அசையவில்லை.

லயத்து வாசலில் போன் அடிக்கிற சத்தம் கேட்டது. கருப்பம்மா எடுத்தாள். அவளுக்குக் காது மந்தம், அதனால் போனில் பேசுவது மலை முழுக்கக் கேட்கும்.

"பீலியடியில நிக்கிறா… இல்லடா, தனியாத்தான்… தண்ணியெல்லாம் புடிச்சிட்டா, சும்மா நிக்கிறா… நான் என்னத்தக் கண்டேன், மலையப் பாத்துக்கிட்டு நிக்கிறா… ஆமா, வாசல்ல இருந்து எனக்கு நல்லாத் தெரியுது… நீதானேடா பாக்கச் சொன்ன? அன்னைக்கு நீதானே சொன்ன?"

அந்தப் பக்கம் அவன் என்ன சொல்கிறானோ.

"ஏ கலா!" என்று கருப்பம்மா கூப்பிட்டாள். "அவன் பேசணுமாம், வா!"

"வர்றேன் மாமி" என்றாள் கலாராணி. திரும்பாமலே சொன்னாள். மலைக்கு மேலே மேகம் கலைந்து, தளிர் விட்ட இடத்தில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அது அடிவாரம் வரைக்கும் வந்து சேரட்டும் என்று நின்றாள்.